வயல் மீன் வந்த வழியும் போன வழியும்

(உழவர்களுக்கான வானொலி உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சி மருந்து என்று எத்தனையோ பேசியிருக்கிறோம். இன்றைக்கு அடுப்படியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "வேளாண்மை அதிகாரிக்கு அடுப்படியில என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் கடலூர், சிதம்பரம் சீமையில் ஒரு காலத்தில் ஏழை வீட்டுக் குழம்புச் சட்டியில் கொதித்தது காசு கொடுத்து வாங்கிய சரக்கு அல்ல. வயலும் ஏரியும் காடும் கொடுத்த சரக்கு. அது எப்படி வந்தது, நம் பெண்கள் அதை எப்படிப் பக்குவம் செய்தார்கள், பிறகு ஏன் இல்லாமல் போச்சு என்பது ஒரு சரித்திரம். அதில் எதைத் திரும்பக் கொண்டுவரலாம், எதைத் தொடவே கூடாது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

புலியூர் என்ற பேர்

முதலில் நம் ஊர்ப் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வாய்ப்பேச்சில் 'திருப்பாப்புலியூர்' என்கிறோம். திருப்பாதிரிப்புலியூர் என்பது முழுப் பேர். பாதிரி மரம் இங்கே தல விருட்சம். புலிக்கால் முனிவர் வழிபட்டதால் புலியூர் ஆயிற்று என்பது தல புராணம். சிதம்பரத்துக்கும் பெரும்பற்றப்புலியூர் என்று பழைய பேர் உண்டு. தில்லை என்று இன்னொரு பேரும் உண்டு. அந்தத் தில்லை மரம் பிச்சாவரம் உப்பங்கழியில் இன்றைக்கும் நிற்கிறது. ஆக, மரத்தின் பேரும் புலியின் பேரும் நம் ஊர்ப் பேர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கெடிலமும் பெண்ணையும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் விழுகிற இந்தச் சீமையில் காடும், கழனியும், கடலும் ஒரு நாள் நடைக்குள் அடங்கிக் கிடந்தன.

இதே ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. பழங்காலத்தில் பாடலிபுரம் என்ற பேரில் இங்கே ஒரு பெரிய சமண மடம் இருந்தது. கி.பி. 458-ல், பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்தில், 'லோக விபாகம்' என்ற சமண நூல் பாடலியில் எழுதி முடிக்கப்பட்டது. அப்பர் பெருமானும் சைவத்துக்குத் திரும்புமுன் இந்த மடத்தில்தான் இருந்தார் என்பது வரலாறு. ஓர் உயிரையும் கொல்லாதே என்று சொன்ன மடமும், வலை வீசிய பட்டினவரும் ஒரே ஊர்க் காற்றைத்தான் சுவாசித்தார்கள். சாப்பாட்டில் இரண்டு வழியும் நமக்குப் பழைய வழிதான். ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த நான் வரவில்லை.

மூன்று ஊர், மூன்று அடுப்பு

பழைய தென்னார்க்காட்டுச் சீமையின் வடபகுதி, அதாவது திண்டிவனம், மரக்காணம் பக்கம், சங்க காலத்தில் ஓய்மா நாடு எனப்பட்டது. அதை ஆண்டவன் நல்லியக்கோடன். அவனைப் பற்றி நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், வழிப்போக்கரான பாணர்களுக்கு எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்ற சேதி வருகிறது. அதை இன்றைய ஒரு சாப்பாட்டுப் பட்டியல் மாதிரியே படிக்கலாம்.

கடற்கரையில் எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அங்கே பரதவர் வீட்டில் உலர்ந்த குழல் மீனைச் சுட்டுக் கொடுக்கிறார்கள். அடுத்தது வேலூர், இது கோட்டை இருக்கிற வேலூர் அல்ல, ஓய்மா நாட்டு வேலூர். வெயில் காயும் காட்டு நிலம். அங்கே எயினர் குலப் பெண்கள் புளி சேர்த்துச் சமைத்த சுடுசோறும், காட்டு மாட்டின் சுட்ட இறைச்சியும் தருகிறார்கள். மூன்றாவது ஆமூர், நெல் விளையும் மருத நிலம். அங்கே உழவர் வீட்டில் உலக்கையால் குற்றிய வெள்ளரிசிச் சோறும், வயல் நண்டுக் கலவையும் கிடைக்கிறது.

கவனித்தீர்களா? கடல் ஓரத்தில் கருவாடு, காட்டில் வேட்டைக் கறி, கழனியில் நண்டு. யாரும் பத்துக் கல் தூரத்திலிருந்து வாங்கி வரவில்லை. காலடியில் கிடைத்ததை வீட்டுப் பெண்கள் சமைத்தார்கள். புளி அப்போதே சட்டிக்குள் வந்துவிட்டது என்பதும் தெரிகிறது. நண்டும் அரிசியும் ஒரே வயலில் விளைந்தன என்பதுதான் இன்றைய பேச்சின் ஆணிவேர். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரி கொடுத்த மீன்

பிறகு சோழர் காலம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் ஆட்சியில், அவன் மகன் இராசாதித்தன் படையோடு இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது வெட்டியது வீராணம் ஏரி என்பார்கள். பராந்தகனின் பட்டப்பேரான வீரநாராயணன் என்பதே வீராணம் ஆயிற்று. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டிய பிறகு வடவாற்று வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருவது நிலைப்பட்டது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டத்து நெல் இதை நம்பித்தான் விளைகிறது.

ஏரி தண்ணீரை மட்டும் அனுப்பவில்லை; மீனையும் அனுப்பியது. மழை பிடித்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடினால் விரால், குரவை, கெளுத்தி, கெண்டை எல்லாம் தண்ணீரை எதிர்த்து ஏறி மடை வழியாக வயலுக்குள் வரும். முழங்கால் தண்ணீரில் முட்டையிடும். நாற்றுக்கு நடுவே குஞ்சு வளரும். பூச்சியையும் புழுவையும் தின்னும். தண்ணீர் வடிகிறபோது வாய்க்கால் வழியே திரும்பும். அந்த நேரத்தில் மடையில் பறி வைத்தால் விடியற்காலம் ஒரு வேளைக் குழம்புக்கு மீன் நிற்கும். தாழ்ந்த வயலில் ஊத்தாவைக் குத்திப் பிடிப்பார்கள். பையன்கள் வரப்பு வளையில் கைவிட்டு நண்டு பிடிப்பார்கள். கோடையில் ஏரி வற்றினால் ஊரே இறங்கிச் சேற்றில் மீன் பிடிக்கும்.

விராலுக்கும் குரவைக்கும் கெளுத்திக்கும் ஒரு தனிச் சக்தி உண்டு. அவை நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் கலங்கல் தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் உயிர் பிழைத்து, அடுத்த மழைக்கு எழுந்து வருகின்றன. விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். தாய்மீனைப் பிடித்துவிட்டால் குஞ்சுக் கூட்டம் முழுவதும் மற்ற மீனுக்கு இரையாகும். அதனால் குஞ்சோடு நிற்கிற விராலைத் தொடாதே என்று பெரியவர்கள் சொன்னது வெறும் சாத்திரம் இல்லை. கணக்குத் தெரிந்த பேச்சு.

இந்த மீனுக்கு யாரும் விலை போடவில்லை. நடவு நட்ட பெண் வீடு திரும்பும்போது மடியில் நாலு நண்டு இருக்கும். ஏர் ஓட்டினவன் கையில் ஓலையில் கோத்த குரவை இருக்கும். கூலி நெல்லாக வந்தது. குழம்பு வயலிலிருந்து வந்தது. கூலிக் கணக்கில் எழுதாத குழம்பு அது. பொடிமீனை முள்ளோடு மென்று தின்ற பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து தானாகவே சேர்ந்தது.

சட்டிக்குள் இருந்த விஞ்ஞானம்

இனிச் சமையலுக்கு வருவோம். தாய்மார்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் செய்வதற்குக் காரணம் சொல்கிறேன்.

சேற்று மீனுக்கு வழவழப்பு அதிகம். அதனால்தான் அடுப்புச் சாம்பல் தொட்டுக் கல்லில் தேய்த்தார்கள். பொடிமீனை உப்புப் போட்டு மண்சட்டியில் உரசினார்கள். பிறகு மஞ்சள். பிறகு புளி. மீனின் கவிச்சி வாடைக்குக் காரணம் காரத்தன்மை உள்ள சில பொருள்கள். புளியின் அமிலம் அவற்றைக் கட்டிப் போடுகிறது, வாடை அடங்குகிறது. அதே புளி சின்ன முள்ளையும் கொஞ்சம் இளக்குகிறது. ராத்திரி வைத்த குழம்பு காலையில் பழைய சோற்றுக்கு ருசியாக இருப்பதும் புளியும் உப்பும் மீனுக்குள் இறங்குவதால்தான். வயல் நண்டை அம்மியில் தட்டி, மிளகு சீரகம் பூண்டு சேர்த்துச் சாறு வைத்தால் சளிக்கு நல்லது என்று குடித்தார்கள். மார்கழிப் பனியில் சேற்றில் நின்றவனுக்கு அந்தச் சூடே பாதி மருந்து.

வேட்டைக் கறியின் குணம் வேறு. காட்டு முயலும் கௌதாரியும் ஓடிப் பறந்து பிழைக்கிறவை. கொழுப்பு குறைவு, தசை கட்டி. ஆட்டுக்கறி மாதிரி தன் கொழுப்பிலேயே வேகாது. அதனால் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, தீயைக் குறைத்து நேரம் எடுத்து வேகவைத்தார்கள். மிஞ்சியதை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப் போட்டால் உப்புக்கண்டம். உப்பு கறியிலுள்ள நீரை இழுக்கும், வெயில் அதைக் காய வைக்கும். நீர் இல்லாத இடத்தில் கிருமி வளராது. கருவாட்டுக்கும் இதே சூத்திரந்தான். மரக்காணத்து உப்பளம் நம் சீமையிலேயே இருந்ததும் ஒரு வசதி.

இன்னொரு சேதி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தப் பழைய சமையலில் மிளகாய் கிடையாது, மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுக்கீசியர் வழியாகத்தான் அது இந்தியாவுக்குள் நுழைந்தது. அந்தப் பறங்கியர் வெள்ளாற்று முகத்தில் வந்து தங்கிய ஊரைத்தான் நாம் பரங்கிப்பேட்டை என்கிறோம். தக்காளியும் அதே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கட்டிக் கறி மெதுவாக வேக நாம் போடுகிற பப்பாளிக்காயும் அப்படித்தான். பப்பாளிப் பாலில் உள்ள ஒரு பொருள் இறைச்சி நாரை அறுத்துக் கொடுக்கிறது. ஆக, 'எங்க பாட்டி காலத்துக் குழம்பு' என்று சொல்லுகிற செக்கச்சிவந்த மீன்குழம்புக்கு ஐந்நூறு வருஷத்துக்குள்தான் வயசு. புளிக்கும் மிளகுக்கும் வயசு அதிகம்.

சட்டம் வந்த கதை

வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு மாற்றம் வந்தது. ஒன்று, துப்பாக்கி. முன்பு கண்ணியும் வலையும் வேட்டை நாயும்தான். துப்பாக்கி வந்ததும் வேட்டை கூடியது. துரைமார்கள் உள்ளானும் சிறகியும் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்து துப்பாக்கிக்கு உரிமம் கேட்டார்கள்.

இரண்டாவது, மீனைப் பற்றிய கவலை. பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இந்திய மீன்களை ஆராய்ந்து 1873-ல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மிகச் சின்னக் கண்ணி வலையாலும் வாய்க்கால் பொறிகளாலும் குஞ்சுமீன் வீணாக அழிகிறது என்பது அவர் குறை. 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது குற்றமாயிற்று. 1907-ல் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்துறை தொடங்கியது. வெடியும் நஞ்சும் இன்றைக்கும் குற்றந்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மீன் போன வழி

இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த வயல் மீன், ஒரு தலைமுறைக்குள் போய்விட்டது. ஏன்?

1966-ல் ஆடுதுறை 27 வந்தது. திருச்சி வானொலி மூலம் அதன் சாகுபடியைத் தெரிந்துகொண்டதால் தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். அதே சமயம் ஐ.ஆர். 8 வந்தது. பஞ்சம் தீர்ந்தது, அதில் சந்தேகமே இல்லை. கப்பலில் கோதுமை வருமா என்று நாடு காத்திருந்த காலத்தை மறந்து பேசக்கூடாது. ஆனால் நெல்லோடு மருந்தும் வந்தது. என்ட்ரின் தெளித்தோம், பி.எச்.சி. தூள் தூவினோம். என்ட்ரின் மீனுக்குக் கொடிய நஞ்சு. துளி அளவு போதும். தெளித்த மறுநாள் வாய்க்காலில் வயிறு மேலாகக் குரவை மிதந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். என்ட்ரினை 1990-லும் பி.எச்.சி.யை 1997-லும் அரசு தடை செய்தது. அதற்குள் வயலில் மீன் வளர்ந்த நினைவே பலருக்குப் போய்விட்டது.

மருந்தை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. ஏரி தூர்ந்தது. வாய்க்கால் ஆக்கிரமிப்பில் சுருங்கியது. மீன் ஏறி வருகிற வழி அடைபட்டது. குட்டை வயசு ரகத்துக்கு வயலில் தண்ணீர் நிற்கிற நாளும் குறைந்தது. மீன் சொத்தாக மாறி, ஏரி மீன்பாசி ஏலத்துக்குப் போனது. கடைசியில் பாதிக்கப்பட்டது யார்? நிலமில்லாத கூலிக் குடும்பந்தான். நெல் விளைச்சல் கூடியதை நாம் மூட்டைக் கணக்கில் எழுதினோம். கூலிக்காரர் சட்டியில் குறைந்த மீனை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. வேளாண்மைத் துறையில் இருக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

எதைத் தொடக்கூடாது?

இப்போது காட்டுப் பிராணிகளைப் பற்றி. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் திருத்தம் செய்து, உரிமம் வாங்கி வேட்டையாடுகிற வழியையும் மூடிவிட்டார்கள். முயல், உடும்பு, மயில், காட்டுக் காடை, கௌதாரி, கொக்கு, நாரை, மடையான், சிறகி, உள்ளான், ஏரி ஆமை எதையும் பிடிக்கவோ, விற்கவோ, சமைக்கவோ கூடாது. சட்டம் 2022-ல் இன்னும் கடுமையாயிற்று. சாதாரணக் குற்றத்துக்கே மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விழலாம். உடும்பு, மயில் போன்ற முதல் பட்டியல் உயிர்களுக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஏழு வருஷம். காட்டுப்பன்றி பயிரை அழித்தாலும் நாமாக வெடி வைப்பதோ மின்வேலி போடுவதோ கூடாது. வனத்துறைக்கு மனுக் கொடுக்க வேண்டும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. ஏர் ஓட்டும்போது பின்னால் வருகிற கொக்கு சம்பளமில்லாத பூச்சி பிடிப்பாள். கௌதாரி கரையானும் புழுவும் தின்னும். சங்க காலத்துக் காடு இன்றைக்கு இல்லை. அன்றைய வேட்டையும் இன்றைக்குச் செல்லாது.

இன்னொரு ஆபத்து மிகப் பெரியது. மருந்து தெளித்த வயலில் மிதக்கிற மீன், நஞ்சு கலந்த தானியம் தின்று விழுந்த பறவை, இவற்றை எடுத்து வந்து சமைக்கிற வழக்கம் அங்கங்கே உண்டு. கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்று நினைக்காதீர்கள். கிருமிதான் கொதியில் சாகும். மருந்தின் நஞ்சு சட்டியிலேயே இருக்கும். தானாகச் செத்துக் கிடக்கிற எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

எதைத் திரும்பக் கொண்டுவரலாம்?

காட்டுக் காடைக்குப் பதில் பண்ணைக் காடை இருக்கிறது. 1974-ல் பரேலி அருகே இஜத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜப்பானியக் காடை வந்தது. நம் ஊரிலேயே நந்தனம் காடை என்ற இனம் உருவாகியிருக்கிறது. ஐந்து, ஆறு வாரத்தில் கறிக்குத் தயார். பழைய மிளகு வறுவல் அப்படியே இதற்குப் பொருந்தும்.

வயல் மீனையும் திரும்பக் கொண்டுவரலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் கடலூர் மாவட்ட விவசாயிகளின் வயல்களிலேயே நெல், மீன், கோழி மூன்றையும் சேர்த்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. முறை இதுதான். வயலில் பத்தில் ஒரு பங்கு இடத்தில், ஓரமாக ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கால்வாய் வெட்ட வேண்டும். அந்த மண்ணை வரப்பில் போட்டு உயர்த்த வேண்டும். மடையிலும் வடிகாலிலும் கம்பி வலை கட்ட வேண்டும். நாற்று வேர் பிடித்த பிறகு கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டைக் குஞ்சுகளை விடலாம். ஏக்கருக்கு 2,000 குஞ்சு வரை போதும். புல் கெண்டை இளம் நாற்றைத் தின்னும். அதை அவசரப்பட்டு விடாதீர்கள். தண்ணீருக்கு மேலே கூண்டில் கோழி வளர்த்தால் எச்சம் தண்ணீரில் விழுந்து மீனுக்கும் நெல்லுக்கும் உரமாகும்.

நம் பகுதிச் சம்பாப் பட்டம் இதற்குத் தோதானது. சி.ஆர். 1009 மாதிரி நீண்ட வயசு ரகத்தில் தண்ணீர் அதிக நாள் நிற்கும். மீன் வளர நாள் கிடைக்கும். தண்ணீர் வடித்து அறுவடை செய்யும்போது மீன் கால்வாய்க்குள் ஒதுங்கிக்கொள்ளும். பிறகும் சில மாதம் வளர்த்துப் பிடிக்கலாம்.

ஒரே ஒரு கட்டாயம். கண்ட மருந்தைத் தெளிக்கக் கூடாது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மீனுக்கு நஞ்சு. நெல்லிலும் புகையானைக் கூட்டிவிடும். வேப்பங்கொட்டைக் கரைசல், விளக்குப் பொறி, பறவைக் குச்சி, முட்டை ஒட்டுண்ணி இவற்றை முதலில் பாருங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2000-லேயே மத்திய அரசு தடை செய்த மீன் அது. வெள்ளத்தில் தப்பினால் நம் ஏரி மீனையெல்லாம் தின்றுவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கால்வாய் வெட்ட நிலம் வேண்டும். நிலமில்லாதவருக்கு இந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயம். மடையில் ஒதுங்குகிற பொடிமீனையும் வரப்பு நண்டையும் வேலைக்கு வருகிற பெண்கள் எடுத்துக்கொள்ளட்டும். அது பழைய வழக்கம். உங்களுக்கு நட்டமும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் ஏரி தூர் வாருவது பற்றிப் பேச்சு வந்தால், மீன் ஏறுகிற வாய்க்கால் வாயையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். குஞ்சு வாங்க எங்கே போவது, கால்வாய் வெட்ட உதவி உண்டா என்பதை மீன்துறை அலுவலகத்திலும் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சம்பாவுக்குக் கால் ஏக்கரிலாவது செய்து பாருங்கள்.